திடலில் ஒரு பாலு, திரையில் ஒரு கச்ரா

தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைக் கண்ணாரக் கண்ட நம் சேலம், நாமக்கல் வட்டாரத்து முதியோர்க்குப் பல்வங்கர் பாலுவின் வரலாற்றை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பூனாவில் இந்துக்களின் கிரிக்கெட் அணிக்கு அவர் பந்து வீசினார். அவர் கைபட்ட பந்தை மேற்சாதியினர் தயக்கமின்றித் தொட்டனர். ஆட்ட இடைவேளையிலோ அவருக்குப் பந்தலுக்கு வெளியே, மண் குவளையில் தேநீர். உணவுக்குத் தனி மேசை. தோல் பந்துக்கு இல்லாத தீட்டு தேநீருக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று கேட்டார் மிகச் சிலரே.

பாலு 1876-இல் தார்வாரில், தோல் தொழிலுக்குரியதென ஒதுக்கப்பட்ட சமார் சாதியிற் பிறந்தார். தந்தையார் படையில் பணிபுரிந்தவர். வெள்ளை அதிகாரிகள் கழித்துப் போட்ட மட்டையும் பந்துமே பிள்ளைகளுக்கு முதல் ஆசான்கள். பின்னர் ஐரோப்பியரின் பூனா சங்கத்தில் தரையை உருட்டிச் சமன்செய்து, கோடிட்டு, வலை கட்டும் வேலை கிடைத்தது. மாத ஊதியம் 4 ரூபாய். அங்கே கிரேக் என்னும் பெயர்பெற்ற ஆட்டக்காரர் தம் பயிற்சிக்காக இவரை நாள்தோறும் பந்து வீசச் செய்தார். தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறைக்கும் அவர் எட்டணா தந்தார் என்றொரு செய்தி வழங்குகிறது. மட்டை பிடிக்க மட்டும் பாலுவுக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. வியர்வை சிந்தும் பந்துவீச்சு ஏவலாளுக்கு, மட்டை துரைமார்க்கு என்பதே அங்கு நிலவிய வருணாசிரமம்! ஆயினும் அந்த ஓயாத உழைப்பே அவரை நாட்டின் தலைசிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளராக்கிற்று.

பம்பாய்க்குக் குடிபெயர்ந்தபின், 1906-இல் இந்துக்கள் அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்ற புகழ்மிக்க ஆட்டத்தில் பாலுவின் பங்கு பெரிது. 1911-இல் பாட்டியாலா மன்னர் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணி பெரும்பாலும் தோல்வியே கண்டது. பாலு ஒருவரே 114 விக்கெட்டுகளைச் சாய்த்துத் திரும்பினார். பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு விழா எடுத்தனர். அவ்விழாவின் வாழ்த்து மடலை வழங்கியவர் பீமராவ் அம்பேத்கர் என்னும் இளம் மாணவர் என்பர் வரலாற்றாசிரியர். நம் இனத்து வீரனுக்கு முதல் மாலை நம் கைகளாலேயே விழுந்தது என்பதை இம்மலரைப் படிக்கும் மாணவர்கள் குறித்துக் கொள்க.

இத்துணைத் திறமிருந்தும் இந்து அணியின் தலைமை அவருக்கு மறுக்கப்பட்டது. 1923-இல்தான் அவர் தம்பி விட்டல் அத்தலைமையைப் பெற்றார். அமெரிக்காவின் பெருநிலைப் பேஸ்பால் ஆட்டத்தில் நிறத் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் களமிறங்கிய 1947-க்கு இது 24 ஆண்டுகள் முந்தையது.

ஆனால் கலையுலகம் இவ்விருவரையும் நடத்திய முறையில் எத்துணை வேறுபாடு! ராபின்சன் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1949-இல், பட்டி ஜான்சன் என்னும் கறுப்பின இசைவாணர் அவர் பந்தடிக்கும் அழகைப் பாட்டாக்கினார். மறு ஆண்டு அவர் கதை திரைப்படமாயிற்று. நாயகனாக ராபின்சனே நடித்தார். பாலுவோ 1955-இல் மறைந்தார். அதன்பின் நெடுங்காலம் மறக்கப்பட்டார். 2002-இல் இராமச்சந்திர குகா எழுதிய இந்தியக் கிரிக்கெட் வரலாற்று நூலே அவரைப் படித்தவர் உலகின் நினைவுக்கு மீட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'லகான்' திரைப்படத்தில் கச்ரா என்றொரு தீண்டத்தகாத பந்துவீச்சாளன் வருகிறான். பார்த்தோர் பலர் அவனிடம் பாலுவின் சாயலைக் கண்டனர். சாதியால் ஒதுக்கப்பட்டவனை அணியில் சேர்க்கும் அக்காட்சி நல்லெண்ணத்துடன் அமைந்ததே, மறுப்பதற்கில்லை. எனினும் அவன் பெயரின் பொருள் குப்பை. அவன் பந்து சுழல்வது பயிற்சியால் அன்று, ஊனமுற்ற கையால். அவனுக்காக நியாயம் பேசுபவன் நாயகன். அவனோ பெரும்பாலும் வாய் திறவாது நிற்கிறான். வெயிலில் ஆண்டுக்கணக்காய் வீசிப் பெற்ற கலையை உடற்குறை தந்த கொடையாகக் காட்டுவது எவ்வகையில் பெருமை செய்தலாகும்?

பாலு வாய் திறவாதவரும் அல்லர். 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரோடு அவரும் கையொப்பமிட்டார். 1937 பம்பாய்த் தேர்தலில் அண்ணல் அம்பேத்கரையே எதிர்த்து நின்று 11,225 வாக்குகள் பெற்றுத் தோற்றார். அண்ணல் பெற்றவை 13,245. அந்நிலைப்பாட்டை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அது தனக்கென ஒரு கருத்துடைய மனிதர் எடுத்த நிலைப்பாடு.

நம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் இடக்கை வீச்சாளர் நடராசன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானபின், எத்தனையோ ஊர்களில் வற்றிய ஏரிகளெல்லாம் ஆடுகளமாயின. அங்கே பந்து வீசும் நம் பிள்ளைகளுக்குப் பாலுவின் பெயர் தெரியாது. பாடநூலும் சொல்லவில்லை, பாட்டும் வரவில்லை. நம் சங்கத்தின் மாணவர் விடுதிச் சுவரில் அண்ணலின் படத்துக்கு அருகே, பந்து ஏந்திய அந்த இடக்கையை நம் இளம் ஓவியர் ஒருவர் தீட்டித் தருவாராயின், அதற்கான வண்ணச் செலவை ஏற்க இக்கட்டுரையாளன் அணியமாயிருக்கிறேன்.