ஓணக்கோடியும் ஸ்தோத்திரக் காணிக்கையும்: எல்லை ஊர்களின் நன்றி வழக்கங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. பாறசாலையைக் கடந்து இஞ்சிவிளையில் கேரளம் முடிகிறது. களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 வரை இந்த ஊர்கள் அனைத்தும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. இங்கு பல குடும்பங்களில் மலையாளமும் தமிழும் கலந்தே புழங்குகின்றன. கொள்வினை கொடுப்பினையும் எல்லையின் இருபுறமும் உண்டு. ஆடியில் நிறைபுத்தரிசி, ஆவணியில் ஓணம், புரட்டாசியில் நவராத்திரி, மார்கழியில் கிறிஸ்துமஸ் என நீளும் பண்டிகைக் காலத்தில் உற்றார், உறவினர், அயலார் ஆகியோருக்கு நன்றி காட்டும் வழக்கங்கள் பல இப்பகுதியில் உள்ளன. மேலோருக்குச் செலுத்தியே ஆகவேண்டிய கடமையாக இருந்த காணிக்கை, இரண்டு நூற்றாண்டுகளில் ஒருவருக்கொருவர் மனமுவந்து தரும் கொடையாக மாறியதே இவ்வழக்கங்களின் வரலாறு.

முதற்கதிர்

பழைய தென் திருவிதாங்கூரின் வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைந்தது. கன்னிப்பூ அறுவடைக்கு முந்தைய ஆடி மாதம், மலையாளக் கணக்கில் கர்க்கடகம், பஞ்ச மாதம். விடாத மழையில் கூலி வேலை இராது. பத்தாயத்தில் நெல்லும் தீர்ந்திருக்கும். அந்த நாட்களில் வயலில் முற்றிய முதற்கதிரை அறுத்துக் கோயிலுக்குக் கொண்டுசென்று பூசித்து, அடியார்களுக்குப் பகிர்ந்தளிப்பது நிறைபுத்தரிசி. கன்னியாகுமரி, சுசீந்திரம் கோயில்களிலும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலும் இன்றும் இது நடைபெறுகிறது. பெற்ற கதிரை வீட்டு முகப்பில் கட்டித் தொங்கவிடுவார்கள். பசி நீங்கப்போகிறது என்பதற்கு அதுவே முதல் அடையாளம். அடுத்து வரும் ஓணத்தின் மகிழ்ச்சிக்கும் நன்றியுணர்வுக்கும் இந்தப் பஞ்ச மாதமே பின்புலம்.

அரசர் செய்த கைம்மாறு

நன்றி என்றதும் நெய்யாற்றின்கரையில் முதலில் சொல்லப்படுவது மார்த்தாண்ட வர்மரின் கதை. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட அவர், இளவரசராக இருந்தபோது தம்மை எதிர்த்த எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக்களிடமிருந்து தப்பி இவ்வூருக்கு வந்தார் என்றும், ஒரு சிறுவன் காட்டிய பொந்துள்ள பலாமரத்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அரசரான பின் அந்த இடத்தில் கிருஷ்ணர் கோயிலை எழுப்பினார். உதவிய சிறுவன் கண்ணனே என்பது மக்களின் நம்பிக்கை. அம்மச்சிப்பிலாவு என்று பெயர்பெற்ற அந்தப் பலாமரம் கோயில் வளாகத்திலேயே பாதுகாக்கப்பட்டு வந்திருக்கிறது.

நவராத்திரி ஊர்வலம் தங்கிச்செல்லும் இடமும் இக்கோயிலே. தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியதால் ஏற்பட்ட வழக்கம் இது. பத்மநாபபுரம் அரண்மனையின் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று தெய்வங்களும் ஆண்டுதோறும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றன. சரஸ்வதி அம்மன் யானை மீதும், மற்ற இருவரும் பல்லக்கிலும் வருவார்கள். முதல் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் கேரளத்தின் வரவேற்பு. பாறசாலை மகாதேவர் கோயிலில் இளைப்பாறி, அன்றிரவு நெய்யாற்றின்கரையில் தங்குகிறார்கள். வழியிலுள்ள வீடுகளின் முன் குத்துவிளக்கேற்றி, பூவும் பழமும் வைத்து மக்கள் காத்திருப்பார்கள். திருவிழா முடிந்ததும் தெய்வங்கள் அதே வழியில் திரும்புகின்றன. கம்பர் வழிபட்டு, பின்னர் சேர அரசரிடம் ஒப்படைத்த சரஸ்வதி என்று கருதப்படும் தெய்வத்தை மலையாள நாடு விருந்தினராக வரவேற்பது இந்த ஊர்வலத்தின் தனிச்சிறப்பு.

காழ்ச்சையும் கோடியும்

நிலவுடைமைக் காலத்து ஓணத்தில் இருவகைக் கொடுக்கல் வாங்கல் இருந்தது. ஒன்று ஓணக்காழ்ச்சை. குடியான்கள் தம் தோட்டத்தின் மிகச் சிறந்த ஏத்தன் வாழைக்குலையையும் காய்கறிகளையும் நிலக்கிழாரின் கூட்டுக்குடும்ப வீடான தரவாட்டு முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். தச்சர், கொல்லர், குயவர், முறம் முடைவோர் எனத் தொழில்செய்வோர் அனைவரும் தம் கைவேலைப் பொருள்களைக் கொண்டுவந்தார்கள். பதிலுக்கு அரிசி, தேங்காய், எண்ணெய், துணி கிடைத்தன. வெளிப்பார்வைக்கு இது பரஸ்பர நன்றி. ஆனால் நிலம் கிழாருடையது. குடியிருந்த குடிசையும் அவருடைய மண்ணில். குலை கொண்டுவராதவர் அடுத்த ஆண்டும் அந்த நிலத்தில் இருப்பார் என்ற உறுதி இல்லை. ஊழியம் என்ற ஊதியமில்லாத கட்டாய வேலையும் அன்று நடைமுறையில் இருந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறையை முற்றாக ஒழித்த பிரகடனம் 1855இல்தான் வந்தது. மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடிய நாடார் பெண்களுக்கு அரசின் அனுமதி கிடைத்தது 1859இல். இத்தகைய சமூகத்தில் கீழிருந்து மேலே சென்ற காணிக்கையில் எவ்வளவு நன்றி, எவ்வளவு அச்சம் என்று பிரித்துக் காண்பது கடினம்.

மற்றொன்று ஓணக்கோடி. தாய்வழிச் சொத்துரிமையான மருமக்கள் தாய முறைப்படி தரவாட்டின் சொத்தை நிர்வகித்த காரணவர், ஓணத்துக்கு முன் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் புத்தாடை கொடுத்தார். இளையவர்கள் பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்கிக் கோடியைப் பெற்றார்கள். வீட்டு வேலைக்காரர்களுக்கும் ஒரு துண்டோ முண்டோ உண்டு. ஆண்டு முழுவதும் குடும்பத்துக்கு உழைத்தவர்களுக்குக் குடும்பம் தரும் அங்கீகாரம் அந்தப் புதுத்துணி.

அந்தத் துணியின் பின்னே ஒரு தமிழ்க் கதை இருக்கிறது. நெய்யாற்றின்கரை வட்டத்திலுள்ள பாலராமபுரம், 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மரின் பெயரைக் கொண்டது. அவர் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், நாகர்கோவில், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சாலியர் நெசவாளர்கள் இங்கு குடியமர்த்தப்பட்டார்கள். ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, புதுத்தெரு, விநாயகர் தெரு என்று அவர்கள் வாழ்ந்த தெருக்களில் குழித்தறிகள் ஓடின. கேரளத்தின் அடையாளமாகிவிட்ட கசவு முண்டும் நேரியதும் இவ்வாறு தமிழ் பேசும் கைகளில் உருவாயின. பாலராமபுரம் கைத்தறி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. நெசவாளர்களின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானிப்பது இன்றும் ஓண வியாபாரமே.

பிடியரிசியும் அறுப்பின் பண்டிகையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காணிக்கைக்கு வேறொரு வழி பிறந்தது. லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியை மையமாகக் கொண்டு பணியாற்றினார். 1818இல் சார்லஸ் மீட் நாகர்கோவிலில் பணியேற்றார். 1845இல் ஜான் ஆப்ஸ் பாறசாலையில் மிஷன் மையத்தை அமைத்தார். 1859இல் அங்கு வந்த சாமுவேல் மெட்டீர், பின்னர் திருவிதாங்கூர் மக்களின் வாழ்க்கையைப் பற்றி விரிவான நூல்கள் எழுதினார். சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிகளும் வயற்கூலிகளும். அவர்கள் கையில் காசு அரிது. ஆகவே அரிசி, தேங்காய், கருப்பட்டி, கோழி, முட்டை ஆகியவையே காணிக்கையாக வந்தன.

இவற்றில் பெண்களின் கையில் வளர்ந்தது பிடியரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைத்து, வாரம் முடிந்ததும் ஆலயத்தில் சேர்ப்பார்கள். மத்திய கேரளத்தில் குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவறா அடிகள் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்காக இதே முறையைப் பரப்பினார். தனக்கே போதாத அரிசியில் ஒரு பிடியைப் பிறருக்கென ஒதுக்கியவள், இரக்கத்தைப் பெறுபவள் என்ற நிலையிலிருந்து கொடுப்பவள் என்ற நிலைக்கு உயர்ந்தாள். அடிமை முறையின் நிழலில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

அறுவடைக்கு நன்றி கூறும் தனி ஆராதனை இங்கிலாந்தில் 1843இல் கார்ன்வால் பகுதியின் மார்வென்ஸ்டோ ஊரில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற குருவானவரால் புத்துயிர் பெற்றது. மிஷனரிகள் வழியாக உலகெங்கும் சென்றது. தமிழ்ச் சபைகளில் அது அறுப்பின் பண்டிகை. மலையாளச் சபைகளில் ஆத்யபலப் பெருநாள். வயலும் தோட்டமும் தந்த முதற்பலனைத் தெய்வத்தின் முன் வைப்பது நிறைபுத்தரிசி கண்ட மக்களுக்குப் புதிதல்ல. எனவே இப்பண்டிகை எளிதில் வேரூன்றியது.

ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஏலம் நடக்கும். வாழைக்குலை, சேனை, மரச்சீனி, பூசணி, தேங்காய், சேவல் எல்லாம் ஏலத்துக்கு வரும். சந்தை விலையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எடுத்தவரே அதை மீண்டும் காணிக்கையாக வைத்து, அதே குலை இரண்டு மூன்று முறை ஏலம் போவதும் உண்டு. திரண்ட பணம் ஊரின் பள்ளிக்கும் ஆலயத்துக்கும் ஏழைகளுக்கும் பயன்பட்டது. பிள்ளைப்பேறு, திருமணம், தேர்வில் வெற்றி, நோய் நீங்குதல், புதுவீடு என்று குடும்பத்தில் நிகழும் ஒவ்வொரு நன்மைக்கும் தரப்படுவது ஸ்தோத்திரக் காணிக்கை. அது அறிவிக்கப்படும்போது ஒரு வீட்டின் நன்மையைச் சபை முழுவதும் தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறது.

கடமை நீங்கிய வரலாறு

ஓணக்காழ்ச்சையின் கட்டாயத்தைச் சட்டங்கள் படிப்படியாகத் தளர்த்தின. 1865இல் வந்த பண்டாரப்பாட்டம் பிரகடனம், அரசு நிலத்தைப் பயிரிட்ட குத்தகைதாரர்களுக்கு அதன்மீது உரிமை அளித்தது. 1896இன் ஜன்மி-குடியான் சட்டம் தனியார் நிலக் குடியான்களுக்குப் பாதுகாப்புத் தந்தது. 1930களின் தொடக்கத்தில் வந்த அதன் திருத்தம், ஜன்மி எனப்பட்ட நிலக்கிழாருக்குச் சேரவேண்டிய பல்வகைக் கடமைகளை ஜன்மிக்கரம் என்ற ஒரே தொகைக்குள் அடக்கியது. 1925இன் நாயர் சட்டம் தரவாட்டுச் சொத்தைப் பிரிக்க வழிசெய்தது. கூட்டுக்குடும்பம் தனிக்குடும்பங்களாகப் பிரிந்தபோது ஓணக்கோடி கொடுக்கும் பொறுப்பு காரணவரிடமிருந்து தகப்பனுக்கும் தாய்க்கும் மூத்த பிள்ளைகளுக்கும் வந்தது. 1970 ஜனவரி 1 அன்று கேரளத்தில் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகை முறைக்கே முற்றுப்புள்ளி வைத்தது. அதன்பின் எவர் முற்றத்திலும் குலை வைத்தாக வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. சம்பாதிக்கத் தொடங்கிய மகனோ மகளோ பெற்றோருக்குக் கோடி எடுத்துத் தருவது இப்போது எங்கும் காணப்படுகிறது. மேலிருந்து கீழே வந்த கோடி, இவ்வாறு நன்றிக்கடனாகத் திரும்பிச் செல்கிறது.

எல்லைக்கு இருபுறமும்

திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணியின் தலைமையில், தமிழ் வட்டங்களைச் சென்னை மாகாணத்தோடு இணைக்கப் போராடியது. நெய்யாற்றின்கரையும் அதன் கோரிக்கையில் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர்ப் பேராயமும் 1959இல் கன்னியாகுமரி, தென் கேரளம் என இரண்டானது. ஒரே மிஷனில் வளர்ந்த சபைகள் வேறுவேறு பேராயங்களில் வேறுவேறு மொழிகளில் ஆராதிக்கத் தொடங்கின.

ஆயினும் பண்டிகைப் போக்குவரத்து நிற்கவில்லை. ஓணத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது. கேரளத்து அத்தப்பூக் கோலங்களுக்குத் தோவாளைச் சந்தையிலிருந்து பூ செல்கிறது; ஏத்தன்குலை விளவங்கோட்டுத் தோட்டங்களிலிருந்து எல்லை தாண்டுகிறது. ஓண விருந்தின் பாயசத்தோடு திருவனந்தபுரத்து இலைகளில் பரிமாறப்படும் போளி நாஞ்சில் நாட்டிலும் அதே இடத்தில் பரிமாறப்படுகிறது. களியக்காவிளைப் பக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஓணத்துக்குத் தாய்வீடு வருவதும், பாறசாலையில் வாழும் அக்கா கிறிஸ்துமஸுக்குத் தம்பி வீட்டுக்குப் போவதும் இப்பகுதியில் இயல்பு. 2020இல் கொரோனா காரணமாக எல்லைச் சாலைகளில் கட்டுப்பாடு வந்தபோது, ஓர் ஆட்டோ தூரத்தில் இருந்த உறவினர்கள்கூட அனுமதிச் சீட்டில்லாமல் சந்திக்க முடியாமல் போயிற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வரைபடத்தில் மட்டும் இருந்த கோடு, குடும்பங்களுக்கு நடுவே உண்மையில் விழுந்தது அப்போதுதான்.

இன்றைய நிலை

நெல்வயல்களில் பெரும்பகுதி ரப்பருக்கும் வாழைக்கும் வீட்டுமனைகளுக்கும் மாறிவிட்டது. பல வீடுகளின் வருமானம் வளைகுடா நாடுகளிலிருந்து வருகிறது. எனவே அறுப்பின் பண்டிகையில் கதிரோடு சம்பளத்தின் ஒரு பங்கும் வைக்கப்படுகிறது. வெளிநாட்டிலிருப்போர் விடுமுறையில் ஊர் திரும்பும் கிறிஸ்துமஸ் காலத்தில், வீடுவீடாகக் கரோல் பாடிச் செல்லும் குழுக்கள், ஆண்டின் கடைசி இரவு நன்றி ஆராதனை, குடும்ப ஜெபக் கூட்டங்கள் எல்லாம் ஒன்றுசேர்கின்றன. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, நெய்யப்பம், கேக் ஆகியவை தட்டில் அடுக்கப்பட்டு, ஓணத்துக்குப் பாயசம் கொடுத்தனுப்பிய அயல்வீட்டுக்குச் செல்கின்றன. பாலராமபுரம், பூவார்ப் பகுதிகளில் இஸ்லாமியரின் பெருநாள் பிரியாணியும் இந்த வரிசையில் சேர்கிறது. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தராமல் ஏதேனும் இட்டுத் தருவது பழக்கம். ஒருகாலத்தில் காணிக்கை போன திசை ஒன்றுதான்: குடிசையிலிருந்து தரவாட்டுக்கு. இப்போது அது வீட்டிலிருந்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் வருகிறது. மனம் ஒப்பிக் கொடுப்பதே நன்றி என்னும் நிலையை இவ்வூர்கள் அடைவதற்குப் பின்னால் போராட்டங்களும் சட்டங்களும் உள்ளன. உலையரிசியில் ஒரு பிடியை ஒதுக்கிவைத்த பெண்களின் பங்கும் அதற்குக் குறைந்ததல்ல.