இணையப் பாதைகள் மாறும்போது: ஒரு பிழையான அறிவித்தல் உலகை எப்படித் தடுத்தது?

பரந்தனிலிருந்து ரொறன்ரோவுக்கு எடுக்கும் வட்ஸ்அப் அழைப்பு இடையில் அறுந்தால், முதலில் தொலைபேசியைத்தான் சந்தேகிக்கிறோம். பல வேளைகளில் பிழை அதில் இல்லை. அழைப்பு போகும் பாதையில் இருக்கிறது. தொடர்புகள் துண்டிக்கப்பட்ட காலங்களை அறிந்தவர்கள் நாங்கள். அந்தப் பாதையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை, வலையமைப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சுருக்கமாக விளக்குகிறேன்.

இணையம் என்பது பல்லாயிரம் தனித்தனி வலையமைப்புகளின் கூட்டு. "இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்" என்று ஒவ்வொன்றும் தன் அயல் வலையமைப்புக்கு அறிவிக்கும். அது அடுத்ததற்குச் சொல்லும். 1989இல் உருவான பி.ஜி.பி. என்ற நெறிமுறை இதை நடத்துகிறது. அறிவித்தல் உண்மையா என்று சோதிக்கும் ஏற்பாடு அதற்குள் இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. சந்தியில் "வடமாகாணம்" என்றொரு பலகையும் "பரந்தன்" என்றொரு பலகையும் இருந்தால், பரந்தனுக்குப் போகிறவர் இரண்டாவதையே பின்பற்றுவார். இணையமும் அப்படித்தான்: சிறிய, குறிப்பான அறிவித்தலே வெல்லும்.

2008 பெப்ரவரி 24ஆம் திகதி இதுவே நடந்தது. யூடியூப்பைத் தடுக்குமாறு பாகிஸ்தான் அதிகாரிகள் உத்தரவிட்டனர். யூடியூப் 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. அவற்றுள் 256 முகவரிகளைப் பாகிஸ்தான் ரெலிகொம் தன்னுடையவை என அறிவித்தது. நாட்டுக்குள் நிற்கவேண்டிய அந்த அறிவித்தலை ஹொங்கொங்கின் பி.சி.சி.டபிள்யூ நிறுவனம் சோதிக்காமல் உலகுக்குக் கடத்தியது. சர்வதேச நேரம் 18.47இலிருந்து உலகின் பெரும்பகுதியில் யூடியூப் முடங்கியது. 80 நிமிடங்களின் பின் யூடியூப்பும் அதே அளவான அறிவித்தலை விடுத்தது. பின்னர் அதனிலும் சிறியவற்றை விடுத்தது. 21.01க்கு ஹொங்கொங் நிறுவனம் பிழையான பாதையை மீளப்பெற்றதும் நிலைமை சீரானது.

இதைத் தடுக்க இன்று மூன்று பழக்கங்கள் உண்டு. வாடிக்கையாளர் தனக்குரிய முகவரிகளை மட்டும் அறிவிக்கும்படி வடிகட்டுவது முதலாவது. முகவரியின் உரிமையை மின்னொப்பமிட்ட பதிவோடு ஒப்பிடும் ஆர்.பி.கே.ஐ. இரண்டாவது. இது அறிவித்தல் தொடங்கிய இடத்தையே சரிபார்க்கும், இடைவழியைச் சரிபார்க்காது. திருத்தவேலைக்கு முன் அந்தப் பாதையின் முன்னுரிமையைக் குறைத்து, போக்குவரத்து மாற்றுவழிக்கு நகர்ந்தபின் மூடுவது மூன்றாவது. அப்படிச் செய்தால் பெரும்பாலான அழைப்புகள் அறுவதில்லை.

ஓர் அரசு தன் மக்களுக்கு மட்டும் என்று போட்ட தடை, சில நிமிடங்களில் எல்லை தாண்டிப் பிறரையும் தடுத்தது. இடையில் ஒரேயொரு வலையமைப்பு சோதித்திருந்தால் அது பாகிஸ்தானுக்குள்ளேயே நின்றிருக்கும். ஆகவே உங்கள் இணைய வழங்குநரிடம் வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். அயலிலிருந்து வரும் அறிவித்தல்களைச் சோதிக்கிறார்களா என்றும் கேளுங்கள்.