உருளும் இல்லம்

வீட்டை விட்டுப் பயணம் போகிறவன் அந்த வீட்டையே உடன்கொண்டு போனால் என்ன என்னும் எண்ணம் மேனாட்டாருக்கு மட்டும் உரியதன்று. கார்டன் ஸ்டேபில்ஸ் என்ற மருத்துவர் 1885-ஆம் ஆண்டில் 'வாண்டரர்' என்னும் குதிரை பூட்டிய வீட்டு வண்டியைச் செய்வித்து, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்துவரை அதிலேயே உண்டும் உறங்கியும் சென்றார். இன்பப் பயணத்துக்கான மோட்டார் இல்லங்களுக்கு அதனை முன்னோடி என்பர். ஆனால் உருளும் இல்லத்தின் ஓவியம் ஒன்று சங்கப் பாட்டிலேயே உண்டு. பெரும்பாணாற்றுப்படை காட்டும் உமணர் வண்டியைப் பாருங்கள். மேலே கூரை வேய்ந்திருக்கிறது. வாயிலில் கோழிக்கூடு இருக்கிறது. காடி நிறைந்த கலம் கயிற்றால் கட்டித் தொங்குகிறது. கைக்குழந்தையுடன் ஒரு தாய் எருதுகளை ஓட்டுகிறாள். உப்பு விற்கப் போகும் வண்டிதான். எனினும் அது ஒரு குடும்பத்தின் வீடு அன்றோ?

அந்த வீட்டுக்கு வழியில் நேரக்கூடிய பெருந்துன்பம் அச்சு முறிதல். ஆகவே உமணர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே புறப்பட்டார்கள். புறநானூற்றில் ஔவையார் அதனைச் 'சேம அச்சு' என்று குறித்து, அதியமானின் மகனுக்கே உவமையாக்கினார். இன்று மோட்டார் வண்டியில் மாற்றுச் சக்கரம் சுமந்து செல்வோர் அந்த உமணரின் வழியினரே.

இனித் தென்காசிப் பாதைக்கு வருவோம். சாரல் காலத்தில் குற்றாலம் சென்று திரும்பியவர்களுக்கு அருவியாடிய இன்பம் நினைவில் நிற்கும். அங்கே போய்ச் சேர்ந்த துன்பம் நிற்பதில்லை. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைவரை இருப்புப்பாதை வந்தது 1903-இல். மலையைக் குடைந்து அது கொல்லத்தைத் தொட்டது 1904-இல். அதற்கு முன் ஆனி ஆடி மாதங்களில் தென்காசி வழியே குற்றாலத்துக்கு வருவோர்க்கு மாட்டுவண்டியே கதி. திருநெல்வேலியிலிருந்து தென்காசி ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. குற்றாலம் அதற்கு அப்பால் இன்னும் ஐந்து கிலோமீட்டர். மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் நடக்கும் எருதுகளுக்கு அது ஓர் இரவும் ஒரு பகலும் ஆகும் வழி. கூண்டுக்குள் வைக்கோல் பரப்பி, மேலே சமுக்காளம் விரித்து, குழந்தைகளைக் கிடத்தி, கட்டுச்சோற்று மூட்டையைக் காலடியில் வைத்துப் புறப்பட்டால், அந்த ஓரிரவுக்கு வண்டியே வீடு.

அந்த வீடு குலுங்கிய குலுக்கலுக்குக் காரணம் சக்கரத்தின் அமைப்பு. குடம், ஆரக்கால், வட்டை என மரத்தாலான உறுப்புகளை இணைத்து, அவற்றைச் சுற்றி இரும்புப் பட்டை ஏற்றுவர். பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் வட்டைமேல் மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கிச் சக்கரம் முழுவதையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தச்சனும் கொல்லனும் ஒருங்கே நின்று செய்யும் அருந்தொழில் அது. உறுதிக்குக் குறைவில்லை. ஆனால் கப்பியும் சரளையும் கிடக்கும் பாதையில் அந்த இரும்பு வாங்கும் அடி அத்தனையும் அச்சின் வழியே நேராக உள்ளிருப்பவனின் முதுகெலும்புக்கு வந்து சேரும்.

அச்சுக்கும் வண்டிப் பெட்டிக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி வைத்தது மேனாட்டு வண்டித் தொழிலின் கொடை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒபதையா எலியட் என்னும் ஆங்கிலேயர் இவ்வகை வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். நம்மவர் அதனைத் தம் கூண்டு வண்டிக்கு இணக்கி, 'வில்வண்டி' என்று பெயரும் சூட்டினர். எவ்வளவு பொருத்தமான பெயர்! சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது வில் விரிந்து கொடுக்கிறது. மேட்டில் ஏறும்போது வளைந்து கொடுக்கிறது. பெட்டியோ தன் நிலை பெரிதும் மாறாமல் மிதந்து செல்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் துள்ளலும் விரைவில் அடங்குகிறது.

பழைய மோட்டார் இல்லங்களைச் செப்பனிடுவோர் முதலில் காண்பதும் இந்த வில்லைத்தான். ஆண்டுகள் பல மழையில் நின்ற வண்டியில் பட்டைகளின் இடையே துரு ஏறி, அடுக்கு முழுவதும் ஒரே இரும்புக்கட்டி போல் ஆகிவிடும். வில் இருந்தும் வில்லில்லாத வண்டி அது. சிலர் தொய்ந்த வில்லுக்கு இன்னும் இரண்டு பட்டை சேர்த்து நிமிர்த்திவிடுகின்றனர். வண்டி நிமிர்வது உண்மை. ஆனால் விறைப்பு மிகுந்து குலுக்கலும் மிகும். அடுக்கைப் பிரித்து, துரு நீக்கி, தொய்ந்த பட்டைகளை முறைப்படி காய்ச்சி வளைத்துப் பதமேற்றி, மசகிட்டுத் திரும்ப அடுக்குவதே சரியான வேலை. அதற்கு நாள் பிடிக்கும், கூலியும் மிகும்.

திசைதிருப்புவது வேறு சிக்கல். இருசக்கர வண்டிக்கு அந்தக் கவலையே இல்லை. எருதுகள் திரும்பினால் வண்டி திரும்பும். பாரம் முன்னும் பின்னும் சமமாக இருந்தால் போதும்: முன்பாரம் மிகுந்தால் எருதின் கழுத்தை நுகத்தடி அழுத்தும், பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பப் பார்க்கும். நான்கு சக்கரம் வந்தவுடன் தொல்லையும் வந்தது. வளைவில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடவேண்டும். இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஒன்று தரையில் தேய்ந்தே தீரும். இதற்குத் தீர்வு கண்டவர் மூனிக் நகரத்து வண்டித் தச்சர் லாங்கன்ஸ்பெர்கர். 1818-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பதிந்தவரோ ஆக்கர்மன். கண்டவர் ஒருவர், பெயர் நின்றது மற்றொருவருக்கு! மோட்டார் வண்டிகளின் முன்சக்கரங்கள் அந்தத் தத்துவத்தைத் தழுவியே திரும்புகின்றன. பழைய வண்டியில் 'கிங்பின்' என்னும் முளை தேய்ந்திருந்தால் சக்கரம் தள்ளாடும். வீட்டின் பாரம் பின்னே மிகுந்திருந்தால் முன்சக்கரம் தரையை அழுத்தாமல் ஸ்டியரிங் பிடிப்பற்றுப் போகும். பின்பாரம் மிகுந்தால் வண்டி பேச்சைக் கேளாது என்பதை நம் வண்டிக்காரர் எந்தப் பட்டறையிலும் படித்ததில்லை.

வில்லும் இல்லை, திரும்பும் அச்சும் இல்லை, ஆயினும் வீதி சுற்றி வரும் மாபெரும் இல்லம் ஒன்று நம்மிடையே உண்டு. அதுதான் இறைவன் எழுந்தருளும் தேர். குற்றாலத்தில் சித்திரை விசுவுக்கும் ஐப்பசி விசுவுக்கும் தேரோடுகிறது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரோ, அருவி நீர் வானில் தெறித்துக் கதிரவனின் தேர்ச்சக்கரமே சறுக்குவதாகக் கற்பனை செய்தார்; ஈரமான பாதையில் வண்டி ஓட்டியவர்கள் அதனைக் கற்பனை என்று சொல்லமாட்டார்கள்.

நான்கு சக்கரத் தேரைத் திருப்புவது எதனால்? முட்டுக்கட்டையால். ஆப்பு வடிவான மரக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் ஒரு பக்கம் சாய்த்து இட்டால், தேர் அந்தச் சாய்வில் ஏறிச் சற்றே திசை மாறும். நேராக இட்டால் நிற்கும். உருண்டுவரும் சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்து நின்று இதனைச் செய்பவனின் உயிர், அவன் கைவிரைவில் இருக்கிறது. தேர்க்காலில் அகப்பட்டு மாண்டவர்களும் உண்டு.

இதனைக் கருதியே பழந்தேர்களைப் புதுக்கும் முயற்சி எழுந்தது. 1948-க்குப் பின் நிலையிலேயே நின்றுவிட்ட திருவாரூர் ஆழித்தேர் 1970-இல் மீண்டும் ஓடியது. திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் அதற்கு இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் தடையும் அமைத்தனர். திருவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரும் பின்னர் இரும்புச் சக்கரம் பெற்றது; முன்னெல்லாம் நிலைக்குத் திரும்பப் பல நாள் பிடித்த தேர் அது. மேலே சிற்பத் தச்சர் செதுக்கிய மரம் அப்படியே இருக்க, கீழே உருளும் பகுதி மட்டும் மாறியது. இது நல்ல செப்பனிடுதல் என்பதே என் கருத்து. மரச்சக்கரம் போயிற்றே என்று வருந்துவோர், முட்டுக்கட்டையுடன் சக்கரத்தருகே ஒரு நாள் நின்று பார்க்கலாம்.

சக்கரத்தைச் சீர்செய்தால் எல்லாம் சீராகிவிடும் என்பதும் இல்லை. 2024-இல் திருநெல்வேலி நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் வடங்கள் மீண்டும் மீண்டும் அறுந்து, தேர் வழியில் நின்றது. இழுக்கும் கயிறும் ஊர்தியின் உறுப்பே என்பதை அன்று கூடியிருந்த மக்கள் கண்டனர்.

திருவாரூரில் இன்றும் வீதி முனையில் இரும்புத் தகடுகளைப் பரப்பி மசகு பூசுகின்றனர். அதன்மேல் ஆழித்தேரின் சக்கரங்கள் வழுக்கி, அங்குலம் அங்குலமாகத் திரும்புகின்றன. இரும்புச் சக்கரத்தின் அருகே மரத்தாலான முட்டுக்கட்டையை ஏந்தி ஆட்கள் நிற்கின்றனர்.