பார்த்திவசேகரபுரம்: ஓர் எல்லையூரின் சாலை

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், முன்சிறைக்கு அணித்தாக அமைந்த சிற்றூர் பார்த்திவபுரம். 1956 நவம்பர் முதல் நாள் வரை அது திருவிதாங்கூர்–கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்திருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப்புறமே அந்நாள் எல்லை. இன்றோ களியக்காவிளையை ஒட்டி எல்லை செல்கின்றது. ஊருக்குக் கிழக்கே கிடந்த எல்லை இங்ஙனம் மேற்கே பெயர்ந்துவிட்டமையால், இவ்வூர்ப் பழமை சேரநாட்டதோ பாண்டிநாட்டதோ என வினவத் தோன்றும். அவ்வினாவே பொருந்தாது என்பதனை இவ்வூர்ச் செப்பேடு கொண்டு ஆராய்வோம்.

ஆய் வேந்தன் கருநந்தடக்கன் வெளியிட்ட அச்செப்பேட்டைக் கோபிநாத ராவ் பதிப்பித்துள்ளார். வடசொல் விரவிய தமிழில் அமைந்த அது குறிக்கும் கலியுக நாள் 14,49,087, கி. பி. 866 ஆகும். முன்சிறைச் சபையாருக்கு மாற்றுநிலம் அளித்து, அவர்தம் உழக்குடிவிளையைப் பெற்று, அங்குத் திருமாலுக்குக் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டான் வேந்தன். நாடாள்வோனும் ஈடு கொடுத்தே நிலம் கொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு வலிமை ஊரவைக்கு இருந்தது. (விளை என முடியும் ஊர்ப்பெயர்கள் அப்பகுதியில் இன்றும் மலிந்துள்ளன. களியக்காவிளையும் அவற்றுள் ஒன்றே.)

கோயிலோடு 95 சட்டர்க்கு ஒரு சாலையும் அமைந்தது. பவிழியர் 45, தைத்திரீயர் 36, தலவகாரர் 14 எனச் செப்பேடு வகுத்துரைக்கின்றது. காந்தளூர்ச் சாலையின் முறையே இங்கும் முறை. படைக்கலத்தொடு கூட்டத்திற்கு வருதலும், சூதாடுதலும், மடத்தில் வெள்ளாட்டியரை வைத்தலும் விலக்கப்பட்டன. விலக்கியமையாலேயே அவை நிகழ்ந்தன எனக் கொள்ளுதல் பிழையாகாது. கற்றோர் கூடிய இடமும் பூசலற்ற இடமன்று போலும்!

சட்டர்க்கு வேண்டிய தகுதிகளுள் ஒன்று எம் கருத்தைப் பெரிதும் ஈர்க்கின்றது. வியாகரணமும் புரோகிதமும் மட்டும் போதா. 'திரைராச்சிய வியவகார'த்திலும், அஃதாவது மூன்று அரசுகளின் நடைமுறையிலும், அவர் வல்லராதல் வேண்டும். மூன்று அரசுகள் சேர சோழ பாண்டியர் அரசுகளே என்பர். ஆயின் 866இல் சோழர் விசயாலயன் வழியே அப்பொழுதுதான் தலையெடுக்கத் தொடங்கியிருந்தனர். ஆதலின், அக்கால வலிமை நோக்கி எழுந்த தொடரன்று இது. தமிழகம் மூவர்க்கும் உரியது என்னும் பழைய எண்ணமே ஆய்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் கல்வித்தகுதியாக நின்றது என யாம் கருதுகின்றோம். பாண்டியர்க்கும் சேரர்க்கும் இடைப்பட்ட நாட்டார்க்கு இருபுற வழக்கும் அறிதல் வாழ்வுக்கே வேண்டியதாயிற்று. அவ்வறிவைப் புகட்டிய ஊரை ஒரு நாட்டிற்கே உரிமையாக்கல் எங்ஙனம் இயலும்?

ஆய்க்குடி மறைந்தது, சாலையும் மறைந்தது. கோயில் நிற்கின்றது. அண்டையிலுள்ள முன்சிறைத் திருமலைக் கோயிலிலிருந்தே, சிவராத்திரிக்கு முன்னாள், சிவாலய ஓட்டம் தொடங்குகின்றது. பழைய விளவங்கோடு, கல்குளம் வட்டங்களிலுள்ள பன்னிரு சிவன் கோயில்களுக்கும் ஓடும் அடியார், வழிநெடுகக் 'கோவிந்தா, கோபாலா' என்றே முழங்குகின்றனர்.