பிளேக் தந்த பூந்தோட்டங்கள்

பெங்களூரின் பூந்தோட்ட வரலாற்றை லால்பாகிலிருந்து தொடங்குவதே வழக்கம். அது 1760-இல் ஹைதர் அலி இட்ட தோட்டம். ஆனால், உத்தியோகஸ்தரும் வியாபாரியும் குடியிருந்த சாதாரண வீட்டு வாசலுக்குப் பூ எப்படி வந்தது என்று ஆராய்வோமாயின், நேயர்களே, பிரேசர் டவுனுக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே கிடைக்கும் விடை விபரீதமானது. பூவுக்கு இடம் தந்தது பிளேக் நோய்!

1898 ஆகஸ்டில் அந்நோய் நகரில் புகுந்தது. 1809 முதல், படையோடும் வாணிகத்தோடும் வந்து கண்டோன்மெண்டில் குடியேறிய நம்மவர் பலர், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், வெயில் எட்டாத சந்துகளில் வாழ்ந்து வந்தனர். எலிக்கு அது சுகவாசம், மனிதருக்கோ யமவாசல். நெருக்கத்தைக் குறைத்தாலன்றி வழியில்லை என்பது அதிகாரிகளுக்கு விளங்கிற்று. மைசூர் அரசு பசவனகுடியையும் மல்லேசுவரத்தையும் அமைத்தது. கண்டோன்மெண்ட் பக்கத்தில் 1906-இல் ஒரு புதிய குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டினர். ரெசிடெண்டாக விளங்கிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை 1910-இல் அதற்குச் சூட்டினர்.

நேரான வீதிகள், பின்புறம் துப்புரவுச் சந்துகள், வீட்டுக்கு வீடு இடைவெளி. காற்றுக்காக விட்ட அந்த இடைவெளிதான் பாத்தியாயிற்று. கியூ தோட்டத்தில் பயின்ற கிரும்பீகல் 1908-இல் மைசூர் அரசின் பணிக்கு வந்து, லால்பாகைச் செழிக்கச் செய்தார். அவர் பெயரை வரலாறு மறக்கவில்லை. மண்ணைக் கொத்தி நீர் வார்த்த திகளரும் தமிழ்த் தோட்டக்காரரும் மட்டும் பெயரற்றவராயினர், இது நியாயமன்று.

வெள்ளைக்காரர் தம் நாட்டுச் செடிகளையே இங்கும் நாடினர். வெரோனிகா என்பது அங்கே தோட்ட ஓரங்களை அழகுசெய்யும் பல்லாண்டுச் செடி. கதிர் கதிராகப் பூக்கும். பெரும்பாலும் நீலம்; இளஞ்சிவப்பு வகைகள் தோட்டக்காரர் தேர்ந்து வளர்த்தவை. குளிர்காலத்தில் மேற்பகுதி மடிந்து, வேர் உறங்கி எழுந்தால்தான் அது செவ்வையாகப் பூக்கும். சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் குளிர்ச்சி உண்டு, உறைபனி இல்லை. அந்த உறக்கம் இங்கே வாய்ப்பதரிது. புத்தகப் படத்தைக் கண்டு அதற்கு ஏங்குவதினும், பிளாக்ஸ், டயாந்தஸ், ஆண்டிரைனம் ஆகியவற்றை வளர்ப்பதே அறிவுடைமை. மழை தணியும் செப்டம்பர், அக்டோபரில் விதைத்தால், ஜனவரியில் அதே இளஞ்சிவப்பைக் காணலாம். லால்பாகின் குடியரசு நாள் மலர்க்காட்சியும் அப்பொழுதுதான்.

இந்நாளில் பழைய வீடுகள் பல அடுக்குமாடிகளாகிவிட்டன. தரை போயிற்று, தொட்டி மாடி ஏறிற்று. அடியில் துளையிட்டு ஓட்டுச்சில்லு பரப்பி, செம்மண், மணல், மக்கிய எரு கலந்து நிரப்பினால் போதும். பிளேக்குக்கு அஞ்சி விட்ட இடைவெளியில் கார்கள் நிற்க, மேலே கைப்பிடிச் சுவரில் டயாந்தஸ் தொட்டிக்குப் பக்கத்தில் துளசியும் கனகாம்பரமும் வெயில் காய்கின்றன.