எத்தனாலும் பிளாஸ்மாவும்: ஹைட்ரஜனின் வரவு செலவு

ஹைட்ரஜனின் சிறப்பை வேதியியல் ஆசிரியர்களாகிய உங்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. அதைப் பெறும் ஒரு வழியையே இங்கே பேசுகிறேன். வில்லியம் குரூக்ஸ் 1879இல் பொருளின் நான்காம் நிலையைப் பற்றிப் பேசினார். இர்விங் லாங்மியூர் 1928இல் அதற்குப் பிளாஸ்மா என்று பெயர் சூட்டினார். இந்த நான்காம் நிலையைக் கொண்டு ஆல்ககாலிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் முறை மின்னாற்பகுப்புக்குப் போட்டியன்று. சுமந்து செல்லக் கடினமான ஒரு வாயுவை வேண்டிய இடத்திலேயே பெறும் வழி என்பதே என் கருத்து.

ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். அப்படியும் ஒரு லிட்டரில் அடங்குவது சுமார் 71 கிராம்தான். சாதாரண வெப்பநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் எத்தனாலிலோ ஏறத்தாழ 100 கிராம் ஹைட்ரஜன் பிணைந்திருக்கிறது. ஒரு மோல் எத்தனால் மூன்று மோல் நீருடன் முழுமையாக வினைபுரிந்தால் ஆறு மோல் ஹைட்ரஜனும் இரண்டு மோல் கார்பன் டைஆக்சைடும் கிடைக்கும். அந்த ஹைட்ரஜனில் பாதி நீர் தந்தது. வழக்கமான முறையில் இதை நிகழ்த்தும் நிக்கல் வினையூக்கி கரி படிந்தும் கந்தகம் பட்டும் செயலிழக்கிறது. உலை சூடேறவும் நேரம் பிடிக்கிறது. பிளாஸ்மாவில் பிணைப்பை உடைக்கும் வேலையை எலக்ட்ரான்கள் தொடங்கிவைக்கின்றன. அவற்றின் ஆற்றலில் ஓர் எலக்ட்ரான்வோல்ட் என்பதே சுமார் 11,600 கெல்வினுக்கு ஈடு. எனவே வினையூக்கி இன்றியும் வினை விரைந்து தொடங்குகிறது. பிரான்சின் ஓர்லேயான் நகரில் ஆய்வாளர் செர்னிகோவ்ஸ்கி சறுக்கும் மின்வில்லைக் கொண்டு எரிபொருள்களைச் சிதைத்துக் காட்டினார். போலந்தின் க்தான்ஸ்க் நகரில் மிசெராச்சிக் குழுவினர் வளிமண்டல அழுத்தத்திலேயே நுண்ணலைப் பிளாஸ்மாவில் எத்தனால், ஐசோபுரொப்பனால் ஆவிகளைச் செலுத்தி ஹைட்ரஜன் பெற்றனர்.

மின்சாரத்தைச் செலவிட்டு ஹைட்ரஜன் எடுப்பதில் என்ன லாபம் என்று கேட்கலாம். நீரைப் பிளக்க ஒரு மோல் ஹைட்ரஜனுக்கு 286 கிலோஜூல் வேண்டும்; திரவ எத்தனாலும் நீரும் கொண்டு தொடங்கினால் கோட்பாட்டளவில் 58 கிலோஜூல் போதும். மிச்ச ஆற்றல் இலவசமன்று. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எத்தனாலே கொண்டுவருகிறது. நடைமுறையில் வாயுவைச் சூடாக்குவதில் பெரும் மின்சாரம் வீணாகிறது என்பதும் மெய். ஆகவே வெளியேறும் வெப்பத்தை மீட்டு, உள்ளே வரும் நீரையும் ஆல்ககாலையும் ஆவியாக்கினால்தான் இம்முறை நிலைக்கும். வினை முழுமையடையாதபோது உருவாகும் கார்பன் மோனாக்சைடு எரிபொருள் கலத்தின் பிளாட்டினத்தைக் கெடுக்கும் என்ற தடைக்கு விடை உண்டு: அதை நீராவியுடன் மீண்டும் வினைபுரியச் செய்தால் மேலும் ஹைட்ரஜன் வரும், எஞ்சுவதைத் தூய்மைப்படுத்தி நீக்கலாம். உணவுப் பயிரை எரிபொருளாக்குவதா என்ற கேள்வியே எல்லாவற்றிலும் கனமானது. அதற்கு மாற்றுவழியாக, பானிபட்டில் 2022இல் தொடங்கப்பட்ட ஆலை நெல் வைக்கோலை எத்தனாலாக்க அமைந்தது. கழிவிலிருந்து வரும் ஆல்ககாலை மட்டுமே இதற்கு ஏற்பது அறமாகும்.

ஆசிரியப் பெருமக்களே, கிடைத்த ஹைட்ரஜனின் அளவை மட்டும் கண்டு வியக்காமல், செலவான மின்சாரத்தையும் ஆல்ககால் வந்த வழியையும் சேர்த்துக் கணக்கிட மாணவரைப் பழக்குங்கள். அதுவே நம் கடன்.