நின்டென்டோவின் நியூயோர்க் வெளியீடு

வணிக வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் பண்டத்தின் சிறப்பையே விரித்துரைத்து, அப்பண்டத்துக்குத் தன் கடையில் இடங்கொடுத்த வணிகனை மறந்துவிடுகின்றனர். வீடியோ விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றில் இக்குறை மிகுதியும் காணப்படும். 1985ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் நாள் யப்பானிய நின்டென்டோக் கம்பனி தன் கருவியை நியூயோர்க் நகரில் விற்பனைக்கு இட்டமை இன்றும் பலரால் நினைவுகூரப்படுகின்றது. மாரியோ என்னும் மீசைக்காரக் குழாய்த் தொழிலாளியே அமெரிக்காவில் மாண்டுகிடந்த ஒரு தொழிலுக்கு உயிரளித்தான் என்பது அதுபற்றி வழங்கும் கதை. கதை இனியதே. ஆயினும் அந்நாளைய நிலைமையை நுணுகி நோக்குவார்க்கு, சிறுவர் மனத்தைக் கவர்வதன் முன்னர் கடைக்காரர் மனத்தை மாற்றவேண்டிய தேவை நின்டென்டோவுக்கு இருந்தமை புலனாகும்.

கடைக்காரர் மனங்கசந்திருந்தமைக்குத் தக்க காரணம் இருந்தது. 1977இல் அற்றாரிக் கம்பனி வெளியிட்ட கருவி, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து, கார்ட்றிஜ் எனப்படும் சிறு பேழைகளை மாற்றிமாற்றிச் செருகிப் பல விளையாட்டுக்களை ஆடத்தக்கதாய் அமைந்தது. அம்முறையை முந்திய ஆண்டிலேயே பெயர்ச்சைல்ட் கம்பனி சந்தைக்குக் கொணர்ந்திருந்தபோதிலும், அதனாற் பெருஞ்செல்வம் ஈட்டியது அற்றாரியே. அற்றாரியை 1976இல் 2 கோடி 80 இலட்சம் டொலருக்கு வாங்கிய வோர்ணர் நிறுவனம், சில ஆண்டுகளுள் தன் இலாபத்தின் பெரும்பகுதிக்கு அதனையே நம்பியிருக்கும் நிலையை எய்தியது. இதற்கிடையில், 1979இல், அற்றாரியின் நிரலாளர் சிலர், தாம் ஆக்கிய விளையாட்டுக்களில் தம் பெயர் பொறிக்கப்படவில்லை, விற்பனையிற் பங்கும் தரப்படவில்லை என மனம் வெறுத்து வெளியேறி, அக்ரிவிசன் என்னும் கம்பனியை நிறுவி, அற்றாரிக் கருவிக்கே கார்ட்றிஜ் செய்து விற்கலாயினர். அவர்தம் ஆக்கங்கள் தரமானவை. அவர்கள் திறந்த வாயிலால் நுழைந்தோர் எல்லாரும் அத்தகையோரல்லர். பிறர் செய்த கார்ட்றிஜ்ஜைத் தடுக்கும் பூட்டு யாதும் அக்கருவியில் இல்லாமையால், முதல் வைத்திருந்தோர் யாவரும் விளையாட்டு வணிகராயினர். காலையுணவுக்கு ஓட்ஸ் விற்கும் குவேக்கர் கம்பனியும் 1982இல் விளையாட்டு ஆக்கும் பிரிவொன்றை நடத்திற்றெனின், அக்காலத்து வேட்கை எத்துணையது என்பது சொல்லாமலே விளங்கும்.

1982ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் நாள், எதிர்பார்த்த இலாபம் கிட்டாது என வோர்ணர் அறிவிக்க, அடுத்த நாளே அதன் பங்குவிலை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீழ்ந்தது. அந்நத்தாருக்கு வெளிவந்த ‘ஈ.ரி.’ என்னும் விளையாட்டு, ஐந்தே வாரங்களில் எழுதி முடிக்கப்பட்டது. அது எண்ணிறந்த கார்ட்றிஜ்களாகக் கடைகளிலும் பண்டசாலைகளிலும் தேங்கிற்று. வீழ்ச்சி முழுவதையும் அவ்வொரு விளையாட்டின் தலையிற் சுமத்துவது வழக்கமாயினும் அது முறையன்று. நோயின் வேர் கடைக்காரர்க்கும் ஆக்குவோர்க்கும் இடையிலிருந்த கொடுக்கல் வாங்கலிலே உள்ளது. விலைபோகாத சரக்கைத் திருப்பியனுப்பிப் பணமோ புதுச்சரக்கோ பெறலாம் என்ற துணிவிற் கடைக்காரர் அளவின்றிக் கொள்வனவு செய்திருந்தனர். திருப்பியனுப்பும் வேளை வந்தபோது சிறு கம்பனிகள் பலவற்றிடம் பணமும் இல்லை, மாற்றிக்கொடுக்கப் புதுச்சரக்கும் இல்லை. சில கதவடைத்தே போயின. கையிலகப்பட்ட சரக்கைக் கழிக்க வேண்டி, 35 டொலர் அளவில் விற்ற கார்ட்றிஜ்ஜைக் கடைக்காரர் 5 டொலருக்குக் கூடைகளிற் கொட்டி விற்றனர். ஐந்து டொலருக்கு ஒன்று கிடைக்குமிடத்து முப்பத்தைந்து கொடுத்து நல்லதை வாங்குவார் யார்? இழிந்த சரக்கு உயர்ந்த சரக்கையும் உடன்கொண்டு வீழ்ந்தது. 1983இல் அற்றாரி அடைந்த நட்டம் 50 கோடி டொலருக்கு மேற்பட்டது. அவ்வாண்டு செத்தெம்பரில் நியூ மெக்சிக்கோவிலுள்ள அலமகோடோவில் குப்பை புதைக்குமிடத்தில் லொறி லொறியாக அதன் சரக்குகள் புதைக்கப்பட்டன. இதனை வெறுங்கதை என்றவரும் உளர். 2014 ஏப்பிரலில் அகழ்ந்து பார்த்தபொழுது கார்ட்றிஜ்கள் வெளிப்பட்டமையால் அவ்வையம் நீங்கிற்று.

யப்பானில் நிலைமை வேறு. 1889இல் கியோத்தோ நகரில் பூச்சீட்டு ஆக்கும் சிறு தொழிலகமாகத் தோன்றிய நின்டென்டோ, 1949 முதல் ஹிறோசி யமவுச்சியின் தலைமையிற் பல தொழில்களை முயன்று, 1983 யூலை 15இல் மசாயுக்கி உவேமுரா வகுத்த ‘பமிக்கொம்’ கருவியை 14,800 யென் விலைக்கு வெளியிட்டது. தொடக்கத்திற் பழுதுற்ற சில்லுக்களால் இடர்ப்பட்டுக் கருவிகளை மீளப்பெற நேர்ந்தபோதும், அடுத்த ஆண்டு முடிவதற்குள் 20 இலட்சத்துக்கு மேற்பட்டவை விற்றுவிட்டன. அதனை அமெரிக்காவில் விற்கும் உரிமை பற்றி 1983இல் அற்றாரியுடன் பேச்சு நிகழ்ந்து பயனின்றி முடிந்தது. அப்பேச்சு நிறைவேறியிருப்பின் பின்வரும் வரலாறே இல்லை எனலாம்.

யமவுச்சியின் மருமகனும் அமெரிக்கக் கிளையின் தலைவருமாகிய மினோரு அரக்காவா, 1985 சனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியிற் கருவியை வைத்தபோது, அது விசைப்பலகையும் நாடாப் பதிவுக்கருவியும் கம்பியில்லாக் கைப்பிடிகளும் கொண்டு வீட்டுக் கணினி போலத் தோன்றிற்று. வணிகர் எவரும் அதனை விரும்பிக் கேட்டிலர். அரக்காவா குழுவினர் இதிலிருந்து கற்ற பாடம் கருத்திற் கொள்ளத்தக்கது. கருவியின் உள்ளுறுப்பை அவர்கள் பெரிதும் மாற்றவில்லை. அதன் தோற்றத்தையும் பெயர்களையுமே மாற்றினர். லான்ஸ் பார் என்பார் வகுத்த புதிய கூடு, அக்காலத்து வீடுகளில் மதிப்புப் பெற்றிருந்த வீடியோ நாடாக் கருவியைப் போன்று, கார்ட்றிஜ்ஜை முன்புற மூடி திறந்து உட்செருகும் வண்ணம் அமைந்தது. கடைக்காரர் வெறுத்த சொற்கள் யாவும் விலக்கப்பட்டன: கருவி ‘கொன்ட்றோல் டெக்’ ஆயிற்று, கார்ட்றிஜ் ‘கேம் பாக்’ ஆயிற்று. யாவற்றுக்கும் மேலாக, குன்பேய் யொக்கோய் குழுவினர் ஆக்கிய றொப் என்னும் சிறு றோபோ முன்னிறுத்தப்பட்டது. தொலைக்காட்சித் திரையின் ஒளிமினுக்கங்களைக் கண்ணால் வாங்கிக் கையசைக்கும் அப்பொம்மை மெத்தனமாக இயங்குவது. அதற்கென வந்த விளையாட்டுக்கள் இரண்டே. விளையாட்டுத் துணையாக அதனால் விளைந்த பயன் சிறிது. ஆனால், வீடியோ விளையாட்டு என்றதும் முகஞ்சுளித்த வணிகனிடம் ‘இது புதுவகைப் பொம்மை’ என்று சொல்லி நுழைவதற்கு அது போதுமானதாயிற்று. பெட்டிகளின் மேற்படங்களும் குறிப்பிடத்தக்கவை. அற்றாரிப் பெட்டிகளில் ஓவியர் தீட்டிய வீரக்காட்சிகளைக் கண்டு வாங்கித் திரையிற் சில கட்டங்களையே கண்டு ஏமாந்தோர் பலர். நின்டென்டோவின் முதற் பெட்டிகள் திரையிற் தோன்றும் புள்ளியுருவங்களையே பெரிதாக்கிக் காட்டின.

எளிய ஊரொன்றிற் சோதித்துப் பார்க்காது, மிகக் கடினமான சந்தையெனப் பெயர்பெற்ற நியூயோர்க்கையே நின்டென்டோ தெரிந்தெடுத்தது. வாசிங்டன் மாநிலத்திலிருந்து வந்த சிறு குழுவினர் நியூ யேர்சியிலுள்ள ஹக்கன்சாக்கில் ஒரு பண்டசாலையைப் பிடித்து, கடைகடையாக ஏறியிறங்கினர். அவர்கள் முன்வைத்த ஒப்பந்தமே இவ்வரலாற்றின் உயிர்நிலை. சரக்கை நாங்களே கொணர்ந்து அடுக்குவோம். காட்சியறைகளை நாங்களே அமைப்போம். 90 நாள்வரை நீங்கள் ஒரு சதமும் தரவேண்டியதில்லை. அதன்பின் விற்றதற்கு மட்டும் பணந்தருக, விலைபோகாதவற்றை நாங்களே மீளப்பெறுவோம் என்பது அது. மூன்றாண்டுகளுக்கு முன் கடைக்காரரைக் கெடுத்த பொறுப்பு முழுவதையும் விற்பவன் தன் தோளில் ஏற்றுக்கொண்டான் என்க. பெயர்பெற்ற எப்.ஏ.ஓ. சுவார்ஸ் பொம்மைக்கடை உட்பட நூற்றுக்கணக்கான கடைகள் இணங்கின. அந்நத்தார்க் காலத்துக்குக் கொணர்ந்தவை யாவும் விற்றுத் தீரவில்லை; ஆயினும் கடைக்காரர் மறுமுறையும் வாங்க உடன்பட்டனர். 1986 பெப்புருவரியில் லொஸ் ஏஞ்சலிசிலும், பின்னர் சிக்காகோ முதலிய நகரங்களிலும், அவ்வாண்டின் பிற்பகுதியில் நாடெங்கணும் கருவி விற்பனைக்கு வந்தது.

இனி மாரியோவின் பங்கை நோக்குவாம். ‘சூப்பர் மாரியோ பிறதர்ஸ்’ யப்பானில் 1985 செத்தெம்பர் 13இல் வெளிவந்தமை உறுதி. அமெரிக்கக் கடைக்கு அது எந்நாளில் வந்தது என்பதில் ஆராய்ச்சியாளர் முரண்படுகின்றனர். 1985 இறுதியென்பார் ஒருசாரார், 1986 என்பார் மற்றொருசாரார். தொடக்கத்தில் நியூயோர்க்கில் விற்ற பெட்டியில் றோபோவும் ஒளித்துப்பாக்கியும் அவற்றுக்குரிய இரு விளையாட்டுக்களுமே இருந்தன. மாரியோ கருவியுடன் சேர்த்துத் தரப்பட்டது பின்னரே. எனவே கடையின் கதவைத் திறந்தவன் மாரியோ அல்லன். திறந்த கதவினூடே கூட்டத்தை அழைத்துவந்தவன் அவன் என்பதை மறுப்பாரில்லை. 1990 அளவில் அமெரிக்க இல்லங்களில் நூற்றுக்கு முப்பதில் இக்கருவி இருந்தது.

வணிகர்க்குப் பொறுப்பேற்றவன், சந்தையிற் குப்பை மீண்டும் குவியாதிருக்கவும் வழிதேடினான். யப்பானியக் கருவியில் இல்லாத ஒரு பூட்டு அமெரிக்கக் கருவியில் வைக்கப்பட்டது. கருவியில் ஒரு சில்லும் கார்ட்றிஜ்ஜில் அதன் இணைச்சில்லும் இருந்து ஒன்றோடொன்று குறிமொழி பரிமாறும். மறுமொழி பிழைத்தால் கருவி நொடிதோறும் மீளத்தொடங்கி இயங்காது நின்றுவிடும். இணைச்சில்லு நின்டென்டோவிடமே உண்டு. ஆதலின் பிற ஆக்குவோர் அதன் உரிமம் பெற்று, ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் வெளியிடாமலும், தம் ஆக்கத்தை ஈராண்டு பிற கருவிகளுக்குத் தராமலும், கார்ட்றிஜ்களை நின்டென்டோவிடமே செய்வித்து முன்பணம் கட்டியும் தொழில் நடத்தினர். இதனாற் தரம் காக்கப்பட்டது உண்மை. ஆக்குவோர் கழுத்திற் கயிறு விழுந்ததும் உண்மை. ஐந்தென்ற வரம்பைக் கடக்கவே கொனாமிக் கம்பனி வேறு பெயரில் ஒரு துணைக்கம்பனி அமைத்தது. பழைய அற்றாரியின் ஒரு கிளையாகிய அற்றாரி கேம்ஸ், வழக்குக்கு வேண்டுமெனப் பொய்யுரைத்து அமெரிக்கப் பதிப்புரிமைக் காரியாலயத்திலிருந்து பூட்டின் நிரற்படியைப் பெற்று மாற்றுச்சில்லு செய்தது. 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கெதிராகத் தீர்ப்பளித்தது. எனினும் நின்டென்டோவின் கைகளும் தூயனவல்ல. கடைக்காரர் விலைகுறைத்து விற்பதைத் தடுத்ததென்ற குற்றச்சாட்டில் 1991இல் அரசுடன் அது ஓர் உடன்பாட்டுக்கு வந்து, கருவி வாங்கியோர்க்கு 5 டொலர்ச் சீட்டுக்களை வழங்கிற்று. 1985இல் கடைக்காரர் வாயிலில் நின்று இரந்த கம்பனி, ஆறாண்டுகளில் அவர்க்கு விலைவிதிக்கும் நிலையில் இருந்தது.

வேடமும் பூட்டும் சேர்ந்து கருவிக்கே ஊறு செய்தமை இங்கே சொல்லத்தக்கது. நாடாக் கருவி போலத் தோன்றுதற்பொருட்டு அமைத்த முன்புற இணைப்புத் தகடுகள் நாளடைவில் தளர்ந்தன; தொடுகை சிறிது பிசகினும் பூட்டுச்சில்லு மறுமொழி காணாது கருவியை மீளத்தொடங்கச் செய்ய, திரை மினுங்கிக்கொண்டே இருக்கும். அமெரிக்கச் சிறுவர் ஒரு தலைமுறை முழுவதும் கார்ட்றிஜ்ஜை வாயால் ஊதிச் செருகியது இதனாலேயே. 1993இல் நின்டென்டோ அக்கருவியைச் சிறிதாக்கி மறுபடி வெளியிட்டபோது கார்ட்றிஜ் மேற்புறத்திற் செருகப்பட்டது. றோபோ அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. புதிய கூட்டினுள் பூட்டுச்சில்லும் வைக்கப்படவில்லை.